மீஞ்சூருக்கு அடியில் ஓடும் நீரும் நம்மிடம் இல்லாத எண்களும்

நிலத்தடி நீர் மாடல் (நிலத்துக்கு அடியில் நீர் ஓடுவதைக் கணினியில் கணக்கிடும் முறை) பற்றிய அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்தக் கடைசிப் பத்தி மனப்பாடமாகியிருக்கும். கண்காணிப்புக் கிணறுகள் போதவில்லை, நீர் எடுப்புக் கணக்கு கிடைக்கவில்லை, மண்ணடுக்கு விவரம் குறைவு, மேலும் ஆய்வு தேவை. பக்கம் பக்கமாக வரைபடங்கள் வந்து போனபிறகு, முடிவுரைக்குச் சற்று முன்னால் இந்தப் பத்தி தலைகாட்டும். அதைப் படித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவோம். அந்தப் பத்தி முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாகத் தீரவில்லை. எது தெரியாது என்பதை மாடல் முடிந்தபின் எழுதினால் அது ஒரு சம்பிரதாயம். தொடங்கும்முன் எழுதினால் அதுவே வேலைத்திட்டம். தெரியாதவை எல்லாம் ஒரே எடை கொண்டவையும் அல்ல. சில எண்கள் இல்லாவிட்டாலும் முடிவு மாறாது. ஒரே ஓர் எண் இல்லாததால் மொத்த மாடலும் அந்தரத்தில் தொங்குவதும் உண்டு. கடைசிப் பத்தி இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

பொதுவாகப் பேசினால் இது விளங்காது. ஆரணி–கொசஸ்தலை படுகையை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வடக்கே, ஆரணி ஆறு பழவேற்காட்டிலும் கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்திலும் கடலைச் சேரும் சமவெளி. மணலும் களிமண்ணும் மாறிமாறிப் படிந்த வண்டல் நிலம். கிழக்கே போகப்போக வண்டல் தடிக்கிறது. கடலை நெருங்கும்போது நடுவே ஒரு களிமண் அடுக்கு புகுந்து, நீரைத் தாங்கி நிற்கும் மணலடுக்கை மேல் நீர்த்தாங்கி, கீழ் நீர்த்தாங்கி என்று இரண்டாகப் பிரிக்கிறது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியுடன் நடந்த ஆய்வு, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்றுக் களங்களை அடையாளம் காட்டியது. பின்னர் பூண்டி, கன்னிகைப்பேர் என்று பட்டியல் நீண்டது. சென்னைக்குத் தண்ணீர் போயிற்று, வயல்களுக்கும் போயிற்று, ஆலைகளுக்கும் போயிற்று. 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் இருந்த உவர்நீர் எல்லை, 1983இல் சுமார் 9 கி.மீ. உள்ளே வந்திருந்தது. இன்று இந்தப் படுகையை மாடல் செய்பவர்கள் முன் இருக்கும் கேள்விகள் மூன்று. எவ்வளவு நீர் எடுக்கலாம்? தடுப்பணையை எங்கே கட்டினால் பயன்? உப்பு இன்னும் எத்தனை ஆண்டில் எந்த ஊர்க் கிணற்றைத் தொடும்?

ஒரே நீர்மட்டம், மூன்று விடைகள்

மாடல் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நாம் காட்டுவது ஒரு படம்தான். கிணற்றில் அளந்த நீர்மட்டம் ஒரு அச்சில், மாடல் கணித்த நீர்மட்டம் மறு அச்சில். புள்ளிகள் 45 பாகைக் கோட்டை ஒட்டி நின்றால் அறை முழுக்கத் தலையசைப்பு. இந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கையாலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே 4 கி.மீ. அகலமுள்ள மணல் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணலின் தடிமன் 20 மீட்டர். அதன் நீர் கடத்தும் தன்மை நாளுக்கு 20 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் கடத்துதிறன் நாளுக்கு 400 சதுர மீட்டர். மழையால் நாளுக்கு 0.5 மி.மீ., அதாவது ஆண்டுக்குச் சுமார் 180 மி.மீ. நீர் நிலத்துக்குள் இறங்குகிறது; இதைச் செறிவூட்டம் என்கிறோம். நடுவில் நீர்மட்டம் ஆற்றைவிட எவ்வளவு உயரும்? செறிவூட்டத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, கடத்துதிறனின் எட்டு மடங்கால் வகுத்தால் 2.5 மீட்டர். இப்போது செறிவூட்டத்தை ஆண்டுக்கு 360 மி.மீ. ஆக்கி, கடத்துதிறனையும் 800 ஆக்குங்கள். அதே 2.5 மீட்டர். 90 மி.மீ.யும் 200ம் என்று பாதியாக்கினாலும் 2.5 மீட்டர்தான். நடுவில் இருக்கும் கிணற்றுக்கு மட்டும் இப்படி என்றில்லை. ஆற்றுக்கும் நடுவுக்கும் இடையே எந்த இடத்தில் எத்தனை கிணறு வெட்டி அளந்தாலும், மூன்று மாடல்களும் ஒரே நீர்மட்டத்தைத்தான் சொல்லும். புள்ளிகள் கோட்டின்மேல் அப்பழுக்கில்லாமல் உட்காரும். ஆனால் அந்த நிலத்தின் வழியே ஆண்டுதோறும் ஓடும் நீரின் அளவு இரண்டாவது மாடலுக்கும் மூன்றாவதற்கும் இடையே நான்கு மடங்கு வேறுபடுகிறது.

நீண்டகாலத் தரவு இருந்தால், மழைக்கும் கோடைக்கும் மட்டம் ஏறி இறங்குவதைப் பொருத்தினால் இந்தக் குழப்பம் தீரும் என்று பலர் நம்புகிறார்கள். தீராது. காலத்தோடு மாறும் ஓட்டத்தின் சமன்பாட்டில் நான்கு உறுப்புகள்: சேமிப்புத் திறன், கடத்துதிறன், செறிவூட்டம், எடுப்பு. நான்கையும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமன்பாடு அப்படியே நிற்கும், நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர்கூட மாறாது. முப்பது ஆண்டு மாதாந்திர அளவீடும் இதற்கு உதவாது. மழைக்குப்பின் 3 மீட்டர் உயர்ந்த கிணற்றைப் பாருங்கள். மண்ணின் வடியும் நீர்ப்பங்கு (நனைந்த மண்ணிலிருந்து வடிந்து வரக்கூடிய நீரின் பங்கு) 6 சதவீதம் என்றால் உள்ளே போனது 180 மி.மீ. 16 சதவீதம் என்றால் 480 மி.மீ. களிமண் கலந்த வண்டலுக்கு 6, மணற்பாங்கான வண்டலுக்கு 16 என்று நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறை இரண்டையும் தருகிறது. ஒரே கிராமத்தில் இரண்டு மண்ணும் உண்டு.

இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டவுடன் போதாமைப் பட்டியலின் வரிசையே மாறிவிடுகிறது. நீர்மட்டம் என்பது விகிதங்களை மட்டும் சொல்லும் அளவீடு. அந்த விகிதங்களைத் தரையில் ஊன்ற, கன மீட்டரில் அளந்த ஒரு நீரளவு வேண்டும். கிணற்றிலிருந்து இறைத்த நீர், ஆற்றுப்படுகையில் இறங்கிய நீர், ஏரியிலிருந்து கசிந்த நீர் என்று எதுவாக இருந்தாலும் சரி, உண்மையில் அளந்ததாக இருக்க வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லாத மாடலுக்கு இன்னும் ஐம்பது கண்காணிப்புக் கிணறு தோண்டுவது பணத்தை மண்ணில் புதைப்பதுதான்.

இதனால் நடைமுறையில் என்ன கெடும்? தடுப்பணைக் கேள்வியை எடுங்கள். ஒரு தடுப்பணை ஆண்டுக்கு இத்தனை கன மீட்டர் நீரைக் கூடுதலாக நிலத்துக்குள் அனுப்பும் என்றால், அது நிஜ அளவு, நம் இஷ்டப்படி பெருக்க முடியாது. கடத்துதிறனும் சேமிப்பும் இரு மடங்காக இருக்கும் மாடலில் அதே தடுப்பணை பாதி உயரத்துக்குத்தான் மட்டத்தை ஏற்றும். பழைய மட்டங்களுக்கு இரண்டு மாடலும் ஒன்றுபோலப் பொருந்தின. புதிய கேள்விக்கு ஒன்று 1 மீட்டர் என்கிறது, மற்றது அரை மீட்டர் என்கிறது. உப்புக் கேள்வியில் இது இன்னும் நுட்பமானது. உவர்நீர் எல்லை கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பது, கடலை நோக்கி ஓடும் நன்னீருக்கும் மணலின் கடத்தும் தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. ஆகவே நீர்மட்டத்தை மட்டும் வைத்துப் பொருத்திய மாடலும் அந்த இடத்தை ஓரளவு சரியாகச் சொல்லிவிடும். எத்தனை ஆண்டில் அங்கே வந்து சேரும் என்பதைச் சொல்ல அதனால் முடியாது. விவசாயிக்கு வேண்டியது ஆண்டுக் கணக்கு.

1969க்கும் 1983க்கும் இடையே சுமார் 6 கி.மீ. என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 430 மீட்டர். மணலின் துளைப்பங்கு (மணலில் இடைவெளிகளின் பங்கு) 0.2 என்றும், நிலத்துக்குள் நோக்கிய நீர்மட்டச் சரிவு கிலோமீட்டருக்கு 2 மீட்டர் என்றும் வைத்தால், இந்த வேகத்துக்கு நாளுக்குச் சுமார் 120 மீட்டர் கடத்தும் தன்மை வேண்டும். சரளை கலந்த பருமணலுக்கு இது நடக்கக்கூடியதே. நுண்மணலுக்கு நடக்காது. ஆக, உப்பு நகர்ந்த வரலாறே நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய வேக அளவீடு. ஆனால் அந்த உப்பு முழுக்கக் கடலிலிருந்து பக்கவாட்டில் வந்ததுதானா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அதைக் கடலோரப் பகுதியில் பார்ப்போம்.

மீட்டர் இல்லாத மோட்டார்கள்

அளந்த நீரளவு வேண்டும் என்றால் முதலில் கண்ணில் படுவது எடுப்பு. குடிநீருக்காக அரசு இயக்கும் கிணறுகளுக்குக் கணக்கு உண்டு. வறட்சிக் காலத்தில் விவசாயிகளிடம் விலைக்கு வாங்கிய நீருக்கும் கணக்கு இருக்கும். விவசாய மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம், பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. டேங்கர் லாரிகளின் கணக்கை யாரும் கேட்பதில்லை. மாடலில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: கிணறுகளின் எண்ணிக்கையை ஓர் உத்தேச இறைப்பால் பெருக்கி, வட்டாரத்தின் எல்லாக் கட்டங்களிலும் சமமாகத் தெளித்துவிடுவார்கள். பிறகு நீர்மட்டம் பொருந்தும்வரை கடத்துதிறனைத் திருகுவார்கள். எடுப்பில் இருந்த பிழை கடத்துதிறனுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. அதற்குப்பின் அதை வெளியே எடுப்பது கடினம்.

மீட்டர் இல்லாமலே எடுப்பை மதிப்பிட மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாகச் செய்து ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். முதல் வழி மின்சாரம். விவசாய ஃபீடர் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்தடம்) ஒன்றில் மாதம் எத்தனை யூனிட் போனது என்பது துணைமின் நிலையத்தில் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரம், இழப்பே இல்லாவிட்டால், 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்தும். மொத்த ஏற்றம் 20 மீட்டர், மோட்டாரும் பம்பும் சேர்ந்த திறன் 40 சதவீதம் என்றால் யூனிட்டுக்குச் சுமார் 7.3 கன மீட்டர். ஏற்றம் 30 மீட்டர், திறன் 30 சதவீதம் என்றால் 3.7 கன மீட்டர்தான். அதே மின்சாரம், பாதி நீர். அதனால் ஃபீடர் கணக்கை மட்டும் வாங்கி வந்தால் போதாது. அந்த ஃபீடரில் முப்பது, நாற்பது மோட்டார்களையாவது தேர்ந்து, கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தையும், 200 லிட்டர் டிரம் நிறைய எடுக்கும் நேரத்தையும், இறைக்கும்போது கிணற்றின் மட்டத்தையும் அளக்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார் மேலே சொன்ன முதல் நிலையில் விநாடிக்கு ஏழரை லிட்டர் தரும், டிரம் 26, 27 விநாடியில் நிறையும். நாற்பது விநாடி எடுத்தால் அந்த மோட்டாரின் பெயர்ப்பலகையை நம்பக் கூடாது. பல முறை காயில் கட்டிய மோட்டார்கள் பெயர்ப்பலகையில் உள்ளதைவிடக் கூடுதல் மின்சாரம் இழுப்பதும் உண்டு.

இரண்டாவது வழி பயிர். செயற்கைக்கோள் படத்திலிருந்து எந்தப் பருவத்தில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் மணிலா என்று பிரித்து, பயிர் ஆவியாக்கிய நீரிலிருந்து மழையைக் கழித்தால் நிகர எடுப்பு கிடைக்கும். நெல்லுக்குப் பருவத்துக்கு 1,200 மி.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்குச் சுமார் 4,850 கன மீட்டர் ஆகிறது. ஆனால் அதில் கணிசமான பங்கு மீண்டும் கீழே இறங்கிவிடும். மதிப்பீட்டு நெறிமுறையின்படி, கிணற்று நீர் பாய்ச்சும் நெல் வயலில் நீர்மட்டம் 10 மீட்டருக்குள் இருந்தால் 45 சதவீதம், 10 முதல் 25 மீட்டர் ஆழம் என்றால் 35 சதவீதம் திரும்புகிறது. ஒரே அடுக்கு கொண்ட மாடலில் நிகர எண்ணை மட்டும் கொடுத்து ஒப்பேற்றிவிடலாம். இந்தப் படுகையின் கிழக்குப் பகுதியில் அது தவறு. நீர் கீழ்த்தாங்கியிலிருந்து எடுக்கப்படுகிறது, திரும்புவது மேல்தாங்கிக்கு. நிகரத்தை மட்டும் எழுதினால் கீழே உள்ள அழுத்தக் குறைவு பாதி மறைந்துபோகும், உப்பை இழுப்பது அந்த அழுத்தக் குறைவுதான்.

மூன்றாவது வழி மோட்டார் ஓடும் நேரம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் விவசாய மோட்டார்கள் ஓடும். பக்கத்திலுள்ள கண்காணிப்புக் கிணற்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் தானியங்கிக் கருவியைத் தொங்கவிட்டால், மின்சாரம் வந்த நேரமும் நின்ற நேரமும் கோட்டில் படிக்கட்டுப் போலத் தெரியும். அந்தப் படிக்கட்டின் உயரமே ஒரு பம்பிங் சோதனை, அதாவது நீர் இறைத்து மட்டம் இறங்குவதை அளக்கும் சோதனை. எடுப்பு தெரிந்த குடிநீர்க் கிணற்றுக் களங்கள் அதைவிடப் பெரிய வாய்ப்பு. ஏரிகள் நிரம்பிய ஆண்டில் அங்கே மோட்டார்களை நிறுத்துவதும், வறட்சியில் மீண்டும் ஓட்டுவதும் படுகை அளவிலான சோதனைதான். நிறுத்திய தேதி, ஓட்டிய தேதி, அன்றாட அளவு மூன்றும் கிடைத்தால், சுற்றிலும் மட்டம் எழுவதிலிருந்து கடத்துதிறனும் சேமிப்பும் தனித்தனி எண்ணாகப் பிரிந்து வரும். இந்தப் பதிவேடுகளைத் தேடி எடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு ஆழ்குழாய் போடும் செலவில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

கிணற்றின் வாயும் சல்லடைக் குழாயும்

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை, மாநில அரசின் தரவு மையம் மாதந்தோறும் மட்டம் அளக்கின்றன. இத்தனை ஆண்டுத் தொடர்ச்சி பெரிய சொத்து. ஆனால் மாடலுக்குள் போகுமுன் ஒவ்வொரு கிணற்றிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, வாய் எந்த உயரத்தில் இருக்கிறது? நாம் அளப்பது தரையிலிருந்து நீருக்குள்ள ஆழம். மாடலுக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து உயரம். சரிவு மிகக் குறைந்த கடலோரச் சமவெளி இது. 3 கி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு கிணறுகளின் மட்டம் 1 மீட்டர்கூட வேறுபடாமல் இருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர வரைபடத்தின் பிழை சில மீட்டர் வரை போகும். அதிலிருந்து கிணற்று வாயின் உயரத்தை எடுத்தால், நீர் கடலை நோக்கி ஓடுகிறதா கடலிலிருந்து வருகிறதா என்பதே தலைகீழாகிவிடும். லெவலிங் கருவியோடோ, துல்லிய ஜி.பி.எஸ். கருவியோடோ போய்ச் சென்டிமீட்டர் கணக்கில் அளப்பதே இதற்குத் தீர்வு. அளந்த புள்ளியில் பெயிண்ட் அடித்து, கைப்பிடிச் சுவரின் விளிம்பா சிமென்ட் மேடையா என்று படமெடுத்து வைக்க வேண்டும். கைப்பிடிச் சுவரை இடித்துக் கட்டிய ஆண்டில் மட்டம் திடீரென்று 60 செ.மீ. குதிப்பதைப் பல பதிவேடுகளில் காணலாம்.

இரண்டாவது, சல்லடைக் குழாய் (நீர் உள்ளே புகும் துளையிட்ட பகுதி) எந்த ஆழத்தில்? மேல்தாங்கியிலும் கீழ்த்தாங்கியிலும் சல்லடை போட்ட ஆழ்குழாய் இரண்டின் மட்டத்தையும் கலந்து ஒரு நடுமட்டத்தைக் காட்டும். அந்த எண் இரண்டு அடுக்கில் எதற்கும் உரியதல்ல. அதைவிடக் கேடு, அந்தக் குழாயே மேலிருந்து கீழே நீரையும் உப்பையும் இறக்கும் வழியாகிவிடுகிறது. போர் போட்ட ரசீதில் மொத்த ஆழமும் கேசிங் எனும் உறைக்குழாயின் நீளமும் இருக்கும், சல்லடையின் இடம் பெரும்பாலும் இருக்காது. கேமரா இறக்கிப் பார்க்கலாம். முடியாத இடத்தில், குழாய்க்குள் ஆழவாரியாக உப்புத்தன்மையும் வெப்பமும் அளந்தால், நீர் புகும் இடங்கள் ஓரளவு தெரியும். எதுவும் தெரியாத கிணற்றைப் பட்டியலிலிருந்து நீக்குவதே நேர்மை. புள்ளிகள் குறையும், இருக்கும் புள்ளிகள் பொய் சொல்லாது.

மூன்றாவது, அளந்தபோது யாராவது இறைத்துக்கொண்டிருந்தார்களா? மட்டம் பார்க்க வரும் நேரம் காலை அலுவல் நேரம், மோட்டார் ஓடும் நேரமும் அதுவாக இருந்தால், பதிவது இறைக்கும் மட்டம். தானியங்கிக் கருவி வைத்தால் இந்தத் தொல்லை போய் வேறொன்று வரும். காற்றழுத்தத்தைத் தானே கழிக்காத கருவியில் அழுத்தம் 1 மில்லிபார் மாறினால் 1 செ.மீ. பிழை. புயல் நாளில் அது 20 செ.மீ. தாண்டும். வட்டாரத்துக்கு ஒரு காற்றழுத்தக் கருவியாவது வெளியே தொங்க வேண்டும்.

களிமண் எங்கே முடிகிறது

என் கணிப்பில் இந்தப் படுகையின் மிகப் பெரிய மௌனம் இரு தாங்கிகளுக்கு இடையே உள்ள களிமண் அடுக்கு. வரைபடத்தில் அது ஒரே சீரான பட்டையாக இருக்கும். நிலத்தில் அப்படி இருக்க வாய்ப்பில்லை. பழைய ஆற்றுத் தடங்கள் அதை அறுத்துக்கொண்டு போயிருக்கும், அந்த இடங்களில் மணல் மேலும் கீழும் தொட்டுக்கொண்டிருக்கும். களிமண் 3 மீட்டர் தடிமன், மேலுக்கும் கீழுக்கும் மட்ட வேறுபாடு 5 மீட்டர் என்று வையுங்கள். களிமண்ணின் செங்குத்துக் கடத்தும் தன்மை நாளுக்கு 0.0001 மீட்டர் என்றால் ஆண்டுக்கு 60 மி.மீ. நீர் கீழே இறங்கும். 0.001 என்றால் 600 மி.மீ. 0.00001 என்றால் 6 மி.மீ. நல்ல களிமண்ணுக்கும் வண்டல் கலந்த களிமண்ணுக்கும் இடையே இந்த நூறு மடங்கு வேறுபாடு சர்வ சாதாரணம். மழையால் இறங்கும் நீர், கிழக்குக் கடற்கரை வண்டலுக்கான 16 சதவீதக் கணக்கில், 1,200 மி.மீ. மழைக்கு 190 மி.மீ. அளவில்தான் வருகிறது. அந்த 16ஐ 14 ஆக்கலாமா 18 ஆக்கலாமா என்று பக்கக் கணக்கில் வாதம் நடக்கும். 6க்கும் 600க்கும் இடையே ஊசலாடும் கசிவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்.

போர் போடுபவர் தரும் மண் விவரத்தை மட்டும் நம்பி இந்த அடுக்கை வரைய முடியாது. ரோட்டரி முறையில் களிமண் சேற்றோடு கரைந்து மேலே வந்துவிடும், மெல்லிய அடுக்குகள் கண்ணுக்கே தெரியாது, ஆழமும் ஒன்றிரண்டு மீட்டர் முன்பின்னாகும். மின்தடை அளவீடும் கடலோரத்தில் ஏமாற்றும். உப்புநீர் நிறைந்த மணலுக்கும் களிமண்ணுக்கும் மின்தடை ஏறத்தாழ ஒன்றாகத்தான் வரும், இரண்டுமே சில ஓம்-மீட்டர். மீஞ்சூர்ப் பக்கம் தரைமேல் எடுத்த மின்தடை அளவீட்டை வைத்துக் களிமண் என்று வரைந்த இடம் உப்பு மணலாக இருக்கலாம், உப்பு என்று சொன்ன இடம் களிமண்ணாக இருக்கலாம். இதற்குக் காமா அளவீடு வேண்டும். களிமண் இயற்கையாகவே மணலைவிடக் கூடுதலாகக் காமாக் கதிர் வீசும், நீரில் உப்பு இருக்கிறதா என்பது அதைப் பாதிக்காது. பி.வி.சி. கேசிங் போட்ட பழைய குழாய்க்குள்ளும் கருவியை இறக்கலாம். புதிதாகத் துளையிடாமல், கைவிட்ட ஆழ்குழாய்களிலேயே களிமண்ணின் தலையும் அடியும் எங்கே என்று வரைய முடியும் என்பதுதான் இதன் அருமை.

தடிமன் தெரிந்தாலும் கசிவு தெரியாது. அதற்குக் கீழ்த்தாங்கியில் 72 மணி நேரம் இறைத்து, மேல்தாங்கியில் தனிக் கிணறு வைத்து அதன் மட்டத்தையும் பார்க்க வேண்டும். சோதனை நாளில் அக்கம்பக்கத்து மோட்டார்களை நிறுத்தச் சொல்ல முடியாவிட்டால், அவை ஓடும் நேரத்தையாவது குறித்துக்கொள்ள வேண்டும். பல சோதனைகள் ஆறு, எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகின்றன. கசிவின் அடையாளம் கோட்டில் தென்படும் முன்னரே மோட்டார் நின்றுவிடுகிறது. மேல்தாங்கியில் கிணறே இல்லாமல் நடந்த சோதனையிலிருந்து கசிவெண் எடுத்து எழுதியிருந்தால், அதை ஊகம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கடலோரம்

மாடலின் கிழக்கு எல்லையில் நீர்மட்டம் பூச்சியம் என்று போட்டுவிடுவது வழக்கம். கடல்நீரின் எடை அதற்கு ஒத்துவராது. 30 மீட்டர் ஆழத்தில் கடல்நீர்த் தூண் தரும் அழுத்தம், 30.75 மீட்டர் நன்னீர்த் தூணுக்குச் சமம். முக்கால் மீட்டர் என்பது இந்தச் சமவெளியில் பெரிய எண். உப்புநீர் நிற்கும் கண்காணிப்புக் குழாயின் மட்டத்தையும் இதே கணக்கில் நன்னீர் மட்டமாக மாற்றியாக வேண்டும், மாற்ற வேண்டுமானால் குழாயின் ஆழமும் உள்ளே இருக்கும் நீரின் உப்பும் அளந்திருக்க வேண்டும். உப்பு அளக்காமல் மட்டம் மட்டும் எழுதிய கடலோரப் பதிவேடுகள் இதனால் பாதிப் பயன்தான் தரும். கீழ்த்தாங்கி கடலுக்கு அடியில் எவ்வளவு தூரம் போய் எங்கே திறக்கிறது என்பதும் எல்லையை நிர்ணயிக்கும். அதை நேரடியாக அளப்பது செலவு மிக்கது, கடலோரக் குழாய்களில் அலையேற்றம் எவ்வளவு தணிந்து, எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது என்பதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

இனி உப்பின் ஊற்றுக்கண். கரைக்கு இணையாகப் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் இருபுறமும். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளங்கள். கால்வாயிலிருந்து மேல்தாங்கிக்குள் இறங்கிய உப்பையும், கீழ்த்தாங்கி வழியே கடலிலிருந்து வந்த உப்பையும், பழங்காலத்தில் களிமண்ணில் தங்கிய உப்பையும் குளோரைடு எண் ஒன்றை வைத்துப் பிரிக்க முடியாது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்பது, 19,000 கொண்ட கடல்நீரில் ஒரு சிறு பங்கு கலந்ததாலும் வரும், வேறு வழியாலும் வரும். குளோரைடு–புரோமைடு விகிதமும், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகளும் சேர்ந்தால் பிரியும். ஆவியாகிச் செறிந்த உப்பளத்து நீரின் ஐசோடோப்பு அடையாளம் கடல்நீரிலிருந்து விலகி நிற்கும். மாதிரி எடுக்குமுன் குழாயில் தேங்கிய பழைய நீரை, குழாயின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்காவது இறைத்துக் கொட்ட வேண்டும் என்பதை மறந்தால் ஆய்வகச் செலவு வீண்.

ஆறும் ஏரியும் சுருக்கமாக. கொசஸ்தலையில் நீர் ஓடுவது ஆண்டில் சில காலம்தான். பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிடும் நாட்களில் இரண்டு இடத்தில் ஓட்டத்தை அளந்து கழித்தால், நடுவில் மணலுக்குள் இறங்கியது எவ்வளவு என்று தெரியும். கன மீட்டரில் அளந்த எண் வேண்டும் என்று தவிக்கும் மாடலுக்கு இது இலவசமாக வரும் வாய்ப்பு. மணல் அள்ளியதில் படுகையின் உயரமே இறங்கிவிட்டதால், பழைய குறுக்குவெட்டு அளவுகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஏரியில் மதகு அடைத்து, மழையில்லாத நாட்களில் ஓர் அளவுகோல் நட்டுப் பார்த்தால் போதும். நாளுக்கு 12 மி.மீ. இறங்கி, ஆவியாதல் 5 மி.மீ. என்றால் கசிவு 7 மி.மீ. வண்டல் படிந்த ஏரியில் இது 1, 2 மி.மீ.க்கும் குறையலாம். மேற்கிலும் வடக்கிலும் படுகை ஆந்திராவுக்குள் நீள்கிறது. ஆரணி ஆறு அங்கிருந்துதான் வருகிறது, நகரி ஆறும் அங்கிருந்து வந்து பூண்டிக்கு மேலே கொசஸ்தலையில் சேர்கிறது. மாநில எல்லையை மாடலின் எல்லையாக வரையும் வழக்கத்துக்கு நிலவியல் காரணம் எதுவும் இல்லை.

எதை முதலில் அளப்பது

இத்தனையும் செய்யப் பணம் இருக்காது. வரிசைப்படுத்த ஒரு முறை இருக்கிறது, அது போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை என்பதே என் ஆதங்கம். கரடுமுரடான முதல் மாடல் ஒன்றை மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருளில் கட்டுங்கள். தெரியாத ஒவ்வொரு எண்ணுக்கும் நேர்மையான வீச்சைக் கொடுங்கள்: கசிவெண்ணுக்கு நூறு மடங்கு, எடுப்புக்கு இரண்டு மடங்கு, மழைச் செறிவூட்டத்துக்கு 10 முதல் 20 சதவீதம். ஒவ்வொன்றையும் சிறிது அசைத்து, நமக்கு வேண்டிய விடை எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். பிறகு, இன்னும் எடுக்காத அளவீட்டை எடுத்ததாக வைத்து, விடையின் நிச்சயமின்மை எவ்வளவு சுருங்கும் என்று கணக்கிடலாம். அளவீட்டின் மதிப்பு இதற்குத் தேவையில்லை, இடமும் காலமும் துல்லியமும் மட்டும் போதும். மாடலின் எண்களை அளவீட்டோடு பொருத்தும் பெஸ்ட் (PEST) மென்பொருளில் இதற்கான கருவிகள் இருக்கின்றன. துளையிடும் முன்னரே அந்தத் துளையின் பயனை எடைபோடலாம்.

விடை கேள்வியைப் பொறுத்து மாறும். தாமரைப்பாக்கம் அருகே தடுப்பணை என்றால் ஆற்றுப்படுகையில் இறங்கும் நீரும் மேல்தாங்கியின் சேமிப்பும் முன்னால் வரும், கடலோர உப்பு அளவீடு வரிசையில் பின்னால் போய்விடும். மீஞ்சூருக்கு மேற்கே உப்பு எப்போது வரும் என்றால் களிமண் கசிவும் கீழ்த்தாங்கி எடுப்பும் முதலில். இரண்டு கேள்விக்கும் ஒரே பட்டியல் எழுதிய அறிக்கை எந்தக் கேள்வியையும் மனதில் வைத்து எழுதப்படவில்லை.

மீஞ்சூர்க் கேள்விக்கு என் வரிசை இது. கோடையில், இருக்கும் கிணறுகளின் வாய் உயரத்தை லெவலிங் செய்து, சல்லடை ஆழம் தெரியாதவற்றைக் கழிப்பது. கைவிட்ட குழாய்களில் காமா அளவீடு. கிணற்றுக் களங்களின் பழைய இறைப்புப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றுவது. இரண்டு ஃபீடரில் மோட்டார் சோதனை. இவை முடிந்தபின், களிமண் மெலிந்திருப்பதாகக் காமா காட்டும் இடத்தில், மேலுக்கும் கீழுக்கும் தனித்தனிக் குழாய் வைத்து ஒரே ஒரு 72 மணி நேரச் சோதனை. புதிய கண்காணிப்புக் கிணறுகள் கடைசியில், கணக்கு காட்டும் இடத்தில் மட்டும். தானியங்கிக் கருவிகள் செப்டம்பர் முடிவதற்குள் கிணற்றில் இறங்கியிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், முதல் பெருமழைக்கு முந்தைய இரண்டு வார மட்டம் பதிவாகாவிட்டால் அந்த ஆண்டின் ஏற்றத்தை எங்கிருந்து அளப்பது என்பதற்கே ஆதாரம் இருக்காது, அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும்.